மாண்ட்ரியலில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் எந்தப் பகுதிகளில் வாழ்கிறார்கள்?

பெரும்பாலும் கிழக்கே. தாய்மொழி என்பது சிறுவயதில் வீட்டில் முதலில் கற்று, இன்றும் புரிகிற மொழி. கனடா கணக்கெடுப்பும் அப்படித்தான் கேட்கிறது. மாண்ட்ரியல் ஒரு தீவு நகரம். தீவுக்குள் ரோஸ்மோன், ஓஷலாகா பகுதிகள். தீவைத் தாண்டினால் ரெபான்தினி, டெர்பொன் புறநகர்களில் இன்னும் அடர்த்தி. மேற்கே வெஸ்ட்மவுண்ட், பாயின்ட் கிளேர் ஆங்கிலப் பக்கம்.

19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய, ஸ்காட்லாந்து வணிகர்கள் மேற்கே மலைச்சரிவில் மாளிகை கட்டினார்கள். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த பிரெஞ்சு பேசுபவர்கள் கிழக்கே தொழிற்சாலைகளை ஒட்டிக் குடியேறினார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் உட்காருவார்களே, அப்படி! நடுவே சான் லோரான் சாலை. கிழக்கு, மேற்கு என்று கதவு எண்களே அங்கிருந்துதான் தொடங்குகின்றன. யூதர், இத்தாலியர், போர்த்துகீசியர் அந்தச் சாலையோரமாகவே குடியேறினார்கள்.

மேற்கே போனால் பிரெஞ்சே கேட்காது என்று நினைக்க வேண்டாம்: 1977 மொழிச் சட்டத்துக்குப் பிறகு குடியேறிகளின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்.