ஓலைப்பெட்டி விற்க ஜிஎஸ்டி வேண்டுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். பனை ஓலையில் கொட்டான், மிட்டாய்ப் பெட்டி, தாம்பூலக் கூடை முடைவேன். அக்கம்பக்கத்துக் கல்யாணங்களுக்கும் வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கும் விற்று மாதம் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வருகிறது. பெங்களூரில் ஒரு கடைக்காரரும் கேட்கிறார். ஆன்லைனில் விற்கலாமென்று விசாரித்தால், ஜிஎஸ்டி இல்லாமல் முடியவே முடியாது என்கிறார் ஒருவர். ஜிஎஸ்டி, உத்யம் சான்றிதழ், ஆன்லைன் கடைக் கணக்கு எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய்க்கு முடித்துத் தருவாராம். ஆதார், பான், கரண்ட் பில் போட்டோவை வாட்ஸ்அப்பில் கேட்கிறார். கொடுக்கலாமா? வரிக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று என் வீட்டுக்காரர் வேறு பயப்படுகிறார்.

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. பணத்தையும் கொடுக்காதீர்கள், போட்டோவையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டுக்காரரின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். மாதம் 9,000 என்றால் வருடத்துக்கு 1,08,000 ரூபாய். புதிய வருமான வரி முறையில் 4 லட்சம் ரூபாய் வருமானம் வரை வரியே கிடையாது. ஓலை, சாயம், பஸ் செலவு போக உங்கள் கையில் நிற்பது அதிலும் குறைவு. உங்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். இது லாபக் கணக்கு இல்லை, மொத்த விற்பனை. நீங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கிறீர்கள், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் படம் போட்டு, ஜிபேயில் பணம் வாங்கி, மதுரைக்கோ கோவைக்கோ பார்சல் போடுவதற்கு எந்தப் பதிவும் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்து ஆர்டர் எடுத்து நீங்களே அனுப்பினாலும் இதே விதிதான். இதுவும் ஆன்லைன் விற்பனைதான் என்பதை அந்த ஆள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக விற்றால், விற்பனை நூறு ரூபாயாக இருந்தாலும் ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டும் என்றுதான் முன்பு சட்டம் இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்திவிட்டார்கள். உங்கள் விற்பனை வரம்புக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டுமே விற்பதாக இருந்தால், ஜிஎஸ்டி பதிவு எடுக்காமலே தளத்தில் விற்கலாம். பான் எண்ணையும் முகவரியையும் ஜிஎஸ்டி இணையதளத்தில் கொடுத்தால் ஒரு சேர்க்கை எண் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, மாதாமாதம் ரிட்டர்ன், அதாவது விற்பனை, வரிக் கணக்கு, போடும் வேலையும் இல்லை. எண் கைக்கு வந்த பிறகுதான் விற்பனையைத் தொடங்க வேண்டும். மீஷோ போன்ற தளம் இந்த எண்ணோடு வருபவர்களைச் சேர்த்துக்கொள்கிறது, வேறு சில தளங்கள் இன்னமும் முழுப் பதிவையே கேட்கின்றன. சட்டம் மாறியது இத்தனை நாளாகியும் ஊர் ஊராகப் போய் இதைச் சொல்ல அரசு ஒரு நோட்டீஸ்கூட ஒட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்பதை அழுத்திப் படியுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது வெளி மாநிலம்.

இப்போது உங்கள் பெங்களூர்க் கடைக்காரர். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆடிட்டர் அலுவலகத்தில் இருப்பவர்களே பலர் இதில் தவறாகச் சொல்கிறார்கள்.

வெளி மாநிலத்துக்கு ஒரு பொருள் விற்றாலும் பதிவு கட்டாயம் என்பது பொது விதி. அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது கைவினைப் பொருளுக்கு. அரசு ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் புல், இலை, கோரை, நார் ஆகியவற்றில் செய்த பொருட்கள், மூங்கில் பொருட்கள், மரச் செதுக்கு வேலை, சுடுமண் பொருட்கள், கையால் பூவேலை செய்த துணிகள் என்று வரிசையாக இருக்கின்றன. பெரும்பாலும் கையால் செய்ததாக இருக்க வேண்டும், நடுவில் சிறு இயந்திரம் பயன்பட்டாலும் பரவாயில்லை. கலை வேலைப்பாடு இருக்க வேண்டும், மெஷினில் செய்த அதே மாதிரிப் பொருளிலிருந்து பார்த்தவுடன் வேறுபட வேண்டும். சாயம் ஏற்றிய ஓலையைக் கட்டம் கட்டமாக ஊடு கொடுத்து முடைந்த உங்கள் கொட்டான் இதற்குள் வரும். ஆண்டு மொத்த விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால், ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே பெங்களூருக்கு நீங்கள் நேரடியாக விற்கலாம். அதற்குப் பான் எண் வேண்டும்.

உங்களைப் போல முடைபவர்கள் பலர் பிளாஸ்டிக் ஒயர் கூடையும் பின்னுவார்கள். அதே கை, அதே உழைப்பு. ஆனால் ஒயர் கூடையை இலை, நார்ப் பொருள் என்று சொல்லி இந்தப் பட்டியலுக்குள் நுழைக்க முடியாது. ஓலைப்பெட்டியோடு சேர்த்து நான்கு ஒயர் கூடையைப் பெங்களூருக்கு அனுப்பாதீர்கள், அதை நம் ஊர்ப் பக்கமே விற்றுக்கொள்ளுங்கள்.

இந்த விலக்கோடு ஒரு நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாதாரண வியாபாரி வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு அனுப்பும்போதுதான் இ-வே பில் என்ற வழிச்சீட்டு போட வேண்டும். பதிவு இல்லாத கைவினைக்காரர் வெளி மாநிலத்துக்கு அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது வேண்டும். முந்நூறு ரூபாய்க் கொட்டானுக்கும் வேண்டும்! லாரியில் லட்சக்கணக்கில் இரும்பு ஏற்றுபவருக்கு இருக்கிற அதே தாள் வேலையை, திண்ணையில் உட்கார்ந்து ஓலை கிழிக்கிற பெண்ணுக்கும் வைத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் ஒரு நாளாவது ஒரு பெட்டி முடைந்து பார்த்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆனாலும் விதி விதிதான். பதிவில்லாத பொதுமக்களுக்கென்று இ-வே பில் தளத்தில் தனி வழி இருக்கிறது, அதில் இலவசமாகப் போடலாம். வாரம் ஒன்றாக நான்கு முறை அனுப்பாமல் மாதம் ஒரு பெரிய பார்சலாக அனுப்பினால் அந்த வேலை ஒரு தடவையோடு முடியும். கொரியர் செலவும் மிஞ்சும்.

கொரியர் என்றதும் நினைவு வருகிறது. ஓலைப் பெட்டிக்கு எடை இல்லை, இடம்தான் அடைக்கும். நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருவதைத்தான் பல கொரியர் கம்பெனிகள் கிலோ என்று கணக்குப் போடும். மூன்று பக்கமும் 30 சென்டிமீட்டர் உள்ள அட்டைப்பெட்டி 5.4 கிலோ ஆகிவிடும், உள்ளே கால் கிலோ கொட்டான்தான் இருந்தாலும். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அளவுகளில் முடைந்து அடுக்கி அனுப்புங்கள். விலை சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

பெரிய தளம் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்க வேண்டுமென்றால் பதிவு எடுக்க வேண்டியிருக்கும். அந்த நாள் வரட்டும், வந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். பதிவு எடுத்தபின் பக்கத்து வீட்டுக்கு விற்கிற பெட்டிக்கும் 5 சதவீத வரி வாங்கிக் கட்ட வேண்டும். ஒன்றுமே விற்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. போடாவிட்டால் விற்பனை இல்லாத ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு படிவத்துக்கு 500 ரூபாய் வரை ஏறும். மாதக் கணக்கில் வருபவருக்கு இப்படி இரண்டு படிவம்.

போன வருடம் சுடுமண் நகை செய்கிற ஒரு பெண் என்னிடம் வந்தார். துணிப்பையிலிருந்து லேமினேட் செய்த ஜிஎஸ்டி சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார், சாமி படம் மாதிரி அத்தனை பத்திரமாக. ஒரு ஏஜென்ட் எடுத்துக் கொடுத்தது. தளத்தில் கடை திறக்கவே இல்லை, ஒரு ஜோடி ஜிமிக்கிகூட விற்கவில்லை. பதினான்கு மாதம் ரிட்டர்ன் போடவில்லை, போட வேண்டும் என்றே அவருக்குத் தெரியாது. மாதம் ஆயிரம் வீதம் 14,000 ரூபாய். சரி, உள்ளே நுழைந்து பார்க்கலாம் என்றால் ஓடிபி அவருடைய போனுக்கு வரவில்லை. சான்றிதழ் இவர் பெயரில், பான் இவருடையது, ஆனால் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் அந்த ஏஜென்ட்டுடையவை. அவரோ போனை எடுக்கவில்லை. எண்ணை மாற்ற வரி அலுவலகத்துக்கு ஆதாரங்களோடு மூன்று தடவை அலைந்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போயிற்று அந்தப் பெண்ணுக்கு.

இதுகூடப் பரவாயில்லை என்பேன். இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. கூலி வேலை செய்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள் பெயரில் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்ததாகச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அவர்களுடைய ஆதாரும் பானும் கரண்ட் பில்லும் எங்கேயோ யாரிடமோ போய், அவர்கள் பெயரில் ஒரு கம்பெனி முளைத்து, சரக்கே இல்லாத போலி பில்கள் ஓடியிருக்கும். உங்களிடம் அந்த ஆள் கேட்கிற மூன்று தாள்களும் அவைதான். அவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த மூன்றும் யாருடைய போனிலும் கிடக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை. 2020 ஜூலையில் தொடங்கிய உத்யம் பதிவும் இலவசம், ஆதார் ஓடிபி வைத்து நீங்களே போட்டுக்கொள்ளலாம். அது சிறு தொழில் என்பதற்கான சான்றுதான், வரிப் பதிவு இல்லை. கூகுளில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே அசோகச் சக்கரம் போட்டுப் பணம் கேட்கும் தளங்கள் வரும். முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு உண்மையில் உதவக்கூடியது மத்திய ஜவுளி அமைச்சகம் கைவினைஞர்களுக்குத் தருகிற பெஹ்சான் அட்டை. அரசு கண்காட்சிகளில் கடை போட அது பயன்படும். மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேளுங்கள். சுய உதவிக் குழுவில் இருந்தால், குழுக்களின் பொருட்களை விற்கும் ‘மதி’ விற்பனை நிலையங்களில் வைக்கவும் வழி இருக்கிறது, மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொரு ஏமாற்றையும் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் விற்கிறீர்கள் என்பதால். "நான் ராணுவத்தில் இருக்கிறேன், கேம்ப்புக்கு நூறு பெட்டி வேண்டும், முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன்" என்று அழைப்பு வரும். பேரம் பேச மாட்டார். பணம் வர இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் நம்பர் போட்டால் உங்கள் பணம் போகும். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் திரும்ப வாய்ப்பு.

போட்டோவை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதைச் செய்யுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது, அதற்கு லாகின் தேவையில்லை. உங்கள் பான் பெயரில் எங்கெங்கே, எந்த மாநிலத்தில் பதிவு இருக்கிறது என்று காட்டிவிடும். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி, ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுக்காத பதிவு ஏதாவது இருந்தால், அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வணிக வரி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள்.

பெங்களூர்க் கடைக்காரரிடம் முதல் பார்சலுக்குப் பாதிப் பணம் முன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, தேதி, யாருக்கு, எத்தனை பெட்டி, எவ்வளவு பணம் என்று இன்றிலிருந்து எழுதி வாருங்கள்.