28,000 டாலருக்கு ஒரு கோல்ட் (Colt) ரிவால்வர்: வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 47. டல்லாஸ் அருகே மென்பொருள் வேலை, கிரீன் கார்டு இருக்கிறது. மனைவியும் வேலைக்குப் போகிறார். மகள் இரண்டு ஆண்டுகளில் கல்லூரியில் சேர்வாள். அவளுக்கான 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் 40,000 டாலர், வங்கியில் 70,000 டாலர் இருக்கின்றன. வீட்டுக் கடனுக்கு வட்டி 6.5 சதவீதம். ஆறு ஆண்டுகளாகக் கோல்ட் நிறுவனத்தின் பழைய 'சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி' ரிவால்வர்களைச் சேர்த்து வருகிறேன். நான்கு இருக்கின்றன, வாங்கிய விலை மொத்தம் 14,000 டாலர். இப்போது ஒரு வியாபாரி குட்டைக் குழல் 'ஷெரிஃப்ஸ் மாடல்' ஒன்றை 28,000 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். மிக அரியது, விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்கிறார். ஓய்வு பெறப்போகும் சக ஊழியர் ஒருவர் 'ஆர்ட்டிலரி மாடல்' ஒன்றை 6,500 டாலருக்குத் தருகிறார். ஆனால் அதில் பாகங்களின் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, வாங்காதே என்கிறார்கள் நண்பர்கள். இதை முதலீடாகக் கருதலாமா? ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து வாங்க முடியுமா? அறுபது வயதில் கோவைக்குத் திரும்ப எண்ணியிருக்கிறேன்.

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 28,000 டாலர் ரிவால்வரை இப்போது வாங்காதீர்கள். நண்பர்கள் வேண்டாம் என்று தடுக்கும் அந்த 6,500 டாலர் ரிவால்வர்தான் இரண்டில் தேறுகிற பொருளாக எனக்குத் தெரிகிறது. ஆனால் அதையும் முதலீடு என்ற கணக்கில் எழுதாதீர்கள்.

உங்கள் ஆசையின் மீது எனக்குக் குறையில்லை. டல்சாவில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பெரிய துப்பாக்கிக் கண்காட்சிக்கு ஒருமுறை போயிருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஒரு கோல்ட்டைக் கையில் வாங்கினார். அதன் மேற்பகுதியைப் பார்க்கவே இல்லை. தலைகீழாகத் திருப்பி, டிரிகர் காப்பின் முன்னால் ஃபிரேமின் (உடற்சட்டத்தின்) அடியில் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்தார், பிறகு காப்பில் இருந்ததை, பிறகு கைப்பிடியின் அடிப்பட்டையில் இருந்ததை. மூன்றையும் ஒரு சிறு நோட்டில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு ரிவால்வரின் பின்புறச் சுத்தியலை மெல்ல இழுத்துக் காதருகே வைத்துக் கேட்டார். ஒழுங்காக இருக்கும் கோல்ட் நான்கு சொடுக்குப் போடும். நான்கும் கேட்ட பிறகுதான் விலை என்ன என்று வாய் திறந்தார். இந்த ஒழுக்கம் இருப்பவர்கள் இந்தத் துறையில் பணத்தைத் தொலைப்பதில்லை. நீங்களும் அந்த வரிசையில் வர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வியாபாரி சொல்லும் 'அரிது' என்ற சொல்லைப் பார்ப்போம். கோல்ட் நிறுவனத்தின் ஹார்ட்ஃபோர்ட் தொழிற்சாலையில் 1873-இல் தொடங்கிய இந்த ரிவால்வரின் முதல் தலைமுறை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றபோது வரிசை எண் மூன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. ஆக, பழைய கோல்ட் என்பதாலேயே ஒன்று அரிதாகிவிடாது. அதன் வகைதான் அரிதாக்குகிறது. மேல்முகடு தட்டையான 'ஃபிளாட்டாப்' இலக்குப் பயிற்சி மாடல் ஆயிரத்துக்கும் குறைவு. முப்பதுக்கு மேற்பட்ட தோட்டா அளவுகளில் செய்திருக்கிறார்கள், அவற்றில் சிலவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஷெரிஃப்ஸ் மாடலும் அப்படித்தான்: குட்டையான குழல், காலித் தோட்டாவைத் தள்ளும் கம்பி கிடையாது.

ஆபத்தும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. சாதாரண கோல்ட்டின் குழலை அறுத்து, தள்ளுகம்பியைக் கழற்றிவிட்டால் தூரத்திலிருந்து பார்க்க அதுவும் ஷெரிஃப்ஸ் மாடல்தான். அசல் பொருளில், ஃபிரேமின் வலப்பக்க முன்பகுதியில் அந்தக் கம்பிக்கான துளையோ அதைத் தாங்கும் புடைப்போ ஆரம்பத்திலிருந்தே இருக்காது. போலியில் அந்த இடத்தைப் பற்றவைத்து அடைத்து, அரத்தால் தேய்த்து, மேலே புதிதாக வண்ணம் ஏற்றியிருப்பார்கள். தேய்த்த இடத்தில் ஃபிரேமின் விளிம்பு கூர்மை இழந்து உருண்டிருக்கும், திருகு துளைகளின் ஓரம் குழிந்திருக்கும், காப்புரிமைத் தேதி எழுத்துகள் மங்கியிருக்கும். சேகரிப்பு உலகில் அதிகம் போலி செய்யப்படும் வகைகளில் இது ஒன்று. ஏனென்றால் ஒரு சாதாரணப் பொருளுக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசம் அவ்வளவு பெரிது.

ஆகவே வியாபாரியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தொழிற்சாலைக் கடிதம் இருக்கிறதா? கோல்ட் நிறுவனத்தின் ஆவணக் காப்பகம் பழைய அனுப்புகைப் பதிவேடுகளைப் பார்த்து, அந்த எண்ணுள்ள ரிவால்வர் எந்த நாளில், யாருக்கு, என்ன குழல் நீளத்தில் போனது என்று கட்டணத்துக்கு எழுதித் தருகிறது. ஷெரிஃப்ஸ் மாடல் என்றால் தள்ளுகம்பி இல்லாமல் அனுப்பப்பட்டது என்று அதில் இருக்க வேண்டும். 28,000 டாலர் கேட்பவர் அந்தக் கடிதத்தை முன்பே வாங்கி வைத்திருக்கவில்லை என்றால் ஏன் என்று யோசியுங்கள். 'நீங்களே வாங்கிய பிறகு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஆர்ட்டிலரி மாடல். எண்கள் பொருந்தாவிட்டால் மதிப்பு குறையும் என்பது உங்கள் நண்பர்கள் கற்ற விதி. பொதுவாக அது சரியான விதிதான். ஆனால் இந்த வகையில் அது தலைகீழ். அமெரிக்க இராணுவம் முதலில் வாங்கியவை ஏழரை அங்குலக் குழலுள்ள குதிரைப்படைத் துப்பாக்கிகள். 1890-களின் நடுவில் தொடங்கி அவற்றில் பலவற்றைத் திரும்பப் பெற்று, குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து, பழுது பார்த்து மீண்டும் படையினரிடம் கொடுத்தார்கள். மொத்தமாகப் பிரித்துப் போட்டுச் செய்த வேலையில் ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறிவிட்டது. அதனால் பெரும்பாலான அசல் ஆர்ட்டிலரி மாடல்களில் எண்கள் கலந்துதான் இருக்கும். எல்லா எண்ணும் கச்சிதமாக ஒத்துப்போகும் ஒன்றைக் கண்டால்தான் நான் கூடுதலாகச் சந்தேகப்படுவேன்.

அதைக் கையில் எடுத்து மரக் கைப்பிடியைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பழுது பார்த்ததைச் சோதித்த ரினால்டோ கார் என்ற ஆய்வாளரின் ஆர்.ஏ.சி. என்ற முத்திரை தேய்ந்த நிலையிலாவது தெரிகிறதா? பிறகு ஃபிரேமின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1873–74-இல் ஆர்வில் ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் சோதித்து அனுப்பிய முதல் தொகுதிகளின் எண் வரம்புக்குள் அது வந்தால், 1876-இல் பூர்வகுடிகளுடனான லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை அழிந்த காலத்துப் பொருள் என்ற கவனம் கிடைக்கும். அந்தப் போரில் அது இருந்தது என்பதற்கு எண் மட்டும் சான்றாகாது, அந்தக் கதைக்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிடாதீர்கள். இராணுவத்துக்குப் போனவற்றுக்குத் தொழிற்சாலைக் கடிதம் அதிகம் பேசாது. எனவே இராணுவக் கோல்ட்டுகளை மட்டுமே ஆராய்பவர் ஒருவரின் எழுத்துச் சான்று அவசியம். 'சான்று பாதகமாக வந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று சக ஊழியரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நட்பு வேறு, கணக்கு வேறு.

இனி என் தொழிலான நிதி ஆலோசனைக்கு வருகிறேன். 28,000 டாலருக்கு வாங்கி, பிறகு ஏலத்தில் விற்கிறீர்கள் என்று வையுங்கள். ஏல நிறுவனம் உங்களிடம் 15 சதவீதம் கழிக்கும், வாங்குபவரிடம் மேலே 18 சதவீதம் வசூலிக்கும் என்று கொள்வோம். இரண்டும் வழக்கத்தில் உள்ள அளவுகள்தான். உங்கள் கைக்கு அதே 28,000 திரும்ப வர வேண்டுமானால் ஏலம் முடியும் விலை (சுத்தியல் விலை) ஏறத்தாழ 32,940 ஆக வேண்டும். வாங்குபவர் கொடுக்க வேண்டியது சுமார் 38,870. அதாவது சந்தை விலை 39 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் போட்ட இடத்துக்கே திரும்புவீர்கள். ஐந்து ஆண்டில் விற்றால் இது ஆண்டுக்கு 6.8 சதவீத ஏற்றம். உங்கள் வீட்டுக் கடனில் அதே 28,000-ஐக் கட்டினால் 6.5 சதவீதம் உறுதியாக மிச்சமாகிறது. ஒரு பக்கம் உழைத்து ஏறி முதலுக்கு வந்து நிற்கிறோம், மறு பக்கம் முதல் நாளிலிருந்தே லாபம்.

ஏல விலைச் செய்திகள் மனதை மயக்கும். பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்டுக் கொன்ற ஷெரிஃப் பேட் காரெட்டின் கோல்ட் 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அங்கே விலை போனது அந்த இரவின் வரலாறும் அதை நிரூபித்த காகிதங்களும். அந்த விலையை வைத்து உங்கள் அலமாரியில் இருப்பவற்றை மதிப்பிட முடியாது.

வரியும் உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து பங்குகளை விற்றால் நீண்ட கால ஆதாயத்துக்கு 0, 15 அல்லது 20 சதவீதம். பழம்பொருள் போன்ற சேகரிப்புகளுக்கு உச்சவரம்பு 28 சதவீதம். ஐ.ஆர்.ஏ. கணக்கிலிருந்து பழம்பொருள் வாங்கினால் அந்தத் தொகையை நீங்கள் வெளியே எடுத்ததாகவே வரித்துறை கருதும். வருமான வரியோடு, ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் என்பதால் 10 சதவீத அபராதமும் சேரும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் என்னைக் கவலைப்படுத்தும் ஒன்று காப்பீடு. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்கான வரம்பு பெரும்பாலும் 2,500 டாலர்தான். உங்களிடம் இருப்பது 14,000 டாலர் பொருள். இந்த வாரமே பாலிசியை எடுத்துப் படித்து, ஒவ்வொன்றையும் எண்ணும் படமுமாகப் பட்டியலிட்டுத் தனி இணைப்பு வாங்குங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதி உங்கள் மனைவியிடம் இருக்கட்டும். என் வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று இறந்தபோது பதினொரு ரிவால்வர்கள் இருந்தன, பட்டியல் இல்லை. அவர் மனைவி அவற்றைப் பக்கத்து ஊர்க் கடையில் ஒரே விலை பேசிக் கொடுத்துவிட்டார். அவற்றில் தொழிற்சாலையிலேயே சித்திர வேலை செய்யப்பட்ட ஒன்று இருந்தது என்பது அதன் கடிதம் ஒரு புத்தகத்துக்குள்ளிருந்து கிடைத்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கோவை விஷயம் முக்கியமானது. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் பெற்றவரே இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி, அங்கே இறக்குமதி என்று தடைகள் வேறு. ஆகவே இவை உங்களோடு விமானம் ஏறாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று ஆண்டில் எல்லாவற்றையும் இங்கேயே விற்றாக வேண்டும். விற்கும் நாள் குறித்தாகிவிட்டது என்பதால், நாலைந்து பேர் மட்டுமே கேட்கும் விசித்திர வகைகளைவிட, கேட்பவர் பலர் இருக்கும் நல்ல வகைகளே உங்களுக்கு ஏற்றவை. 1898 வரை தயாரானவற்றை அமெரிக்க மத்தியச் சட்டம் பழம்பொருளாகக் கருதுகிறது, மாநிலம் தாண்டி விற்பது எளிது என்பதால் அவற்றுக்கு வாங்குபவர் வட்டம் பெரிது. ஆர்ட்டிலரி மாடல் இங்கும் தேறுகிறது. 1973-ஐ ஒட்டி வந்த நூற்றாண்டு நினைவுப் பதிப்புகள் போன்றவற்றின் பக்கம் போகாதீர்கள். பிறக்கும்போதே 'அரிது' என்று பெட்டியில் அச்சிட்டு வந்தவற்றை எல்லோரும் பெட்டியோடு பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் எச்-1பி விசாக்காரர்களுக்கு ஒரு வரி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். நண்பரைப் பார்த்து ஆசைப்பட்டு கிரீன் கார்டு வாய்ப்பையே இழந்துவிடாதீர்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? வங்கியில் இருக்கும் 70,000-இல் ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியாக ஒதுக்குங்கள். மகளின் முதல் இரண்டு ஆண்டுச் செலவில் 529 கணக்கு எட்டாத பகுதியை அடுத்து ஒதுக்குங்கள். இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணம் இரும்பாகவும் மரமாகவும் மாறிக் கிடக்கக் கூடாது. இந்த இரண்டும் போக மீதமிருந்தால், சேகரிப்பின் மொத்த மதிப்பு வீடு நீங்கலான உங்கள் சொத்தில் 5 சதவீதத்தைத் தாண்டாத வரை ஆர்ட்டிலரி மாடலை வாங்குங்கள். ஷெரிஃப்ஸ் மாடலின் வியாபாரி கடிதத்தைக் காட்டினால் அதன் நகலையும், ஃபிரேமின் வலப்பக்கத்தை நெருக்கமாக எடுத்த படத்தையும் எனக்கு அனுப்புங்கள். மகள் கல்லூரி முடித்த பிறகும் அது விற்காமல் இருந்தால், அப்போது விலை பேசலாம்.