அரசன் கையில் ஒரு கோல் ஏன்? வாளும் வேலும் போதாதா?

வாள் வலிமையைக் காட்டும். ஆளும் உரிமையையும் அதைக் கோணாமல் செலுத்தும் கடமையையும் காட்டுவது கோல். ‘செங்கோல்’ என்பதில் உள்ள ‘செம்மை’ சிவப்பைக் குறிப்பதன்று, நேர்மையைக் குறிப்பது (சிவப்புக் கோல் என்று பொருள் கொள்வோரை இன்றும் காணலாம்). அதனால்தான் நீதி தவறிய ஆட்சி ‘கொடுங்கோல்’, அதாவது வளைந்த கோல், எனப்பட்டது. வள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்ததோடு, மன்னனுக்கு வெற்றி தருவது வேல் அன்று, கோணாத கோலே என்றும் சொல்லிவிட்டார். கோவலனைத் தவறாகக் கொன்ற பாண்டியன் உயிர் துறந்தபோது, வளைந்த கோலை அந்த உயிரே நிமிர்த்திற்று என்கிறது சிலப்பதிகாரம். கோல் ஆள்பவனுக்கும் மேலானது என்ற எண்ணத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இடம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வழக்கம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது மீனாட்சியம்மனுக்கு முடிசூட்டிச் செங்கோல் வழங்குவார்கள். அம்மன் சார்பில் கோயில் நிர்வாகத்தின் தலைவர் அதைப் பெற்றுக்கொண்டு பிரகாரத்தை வலம் வந்து, மீண்டும் அம்மனிடமே சேர்ப்பார். அன்று முதல் நான்கு மாதம் மதுரையில் அம்மன் ஆட்சி. ஆவணியில் கோல் சுந்தரேசுவரர் கைக்கு மாறும்.

1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் அளிக்கப்பட்ட, உச்சியில் நந்தி அமர்ந்த செங்கோலும் இம்மரபில் வந்ததே. நெடுங்காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்த அது, 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் நிறுவப்பட்டது.