நாலு கிக்கும் ஒரு கிக்கும் – கடிதம்

வணக்கம் சார்,

ஹவுஸ் (ஆட்டத்துக்கான மின்னணு இசை) டிராக் ஒன்று செய்கிறேன். கிக்குக்கு, அதாவது தாளத்தின் ‘தம்’ சத்தத்துக்கு, 808, 909 என்ற டிரம் மெஷின்களின் கிக், டெக்னோ இசைக்கான இரண்டு சாம்பிள் (பதிந்து வைத்த சத்தத் துண்டு) என்று நாலை அடுக்கினேன். தனித்தனியே கேட்டால் இடி மாதிரி இருக்கிறது. சேர்த்தால் சப்பென்று ஆகிவிடுகிறது. ஆடித் திருவிழாவுக்கு வந்த சவுண்ட் செட்டில் போட்டால் இன்னும் மோசம். வால்யூம் ஏற்றவா, இன்னொரு லேயர் போடவா?

ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் வேண்டாம், குறையுங்கள். நாலு சாம்பிளும் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) பக்கத்தில் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. 50 ஹெர்ட்ஸ் அலை ஒருமுறை ஏறி இறங்க 20 மில்லிசெகண்ட். ஒரு சாம்பிள் 10 மில்லிசெகண்ட் தள்ளி விழுந்தால் போதும், இது ஏறும்போது அது இறங்கி, அடித்தளமே காலியாகிவிடும். தனியாகக் கேட்கும்போது இது தெரியவே தெரியாது.

அடியில் வரும் கனத்த சத்தத்தை 808-க்கு மட்டும் கொடுங்கள். மற்றவற்றில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹைபாஸ் (கீழ்ச்சத்தத்தை வடிகட்டும் ஃபில்டர்) போட்டு வெட்டுங்கள். ஹைபாஸும் ஃபேஸை, அதாவது அலை ஏறி இறங்கும் நேரத்தை, கொஞ்சம் நகர்த்தும். அதனால் வெட்டிய பிறகு அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனைத் தட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் கனமாகக் கேட்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். சப் பகுதி (மிகக் கனத்த கீழ்ச்சத்தம்) மோனோவில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல, இருக்கட்டும்.

அப்புறம் வால், அதாவது அடித்த பிறகு இழுக்கும் சத்தம். 128 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 128 அடி) அடிக்கும் அடிக்கும் நடுவே சுமார் 469 மில்லிசெகண்ட்தான். 808-ஐ முழுசாக இழுக்கவிட்டால் பேஸ்லைன் (கீழ்ச்சுரங்களில் ஓடும் பகுதி) எங்கே போய் நிற்கும்? பாதியிலேயே நறுக்குங்கள். பாட்டின் சுருதிக்கு கிக்கை டியூன் செய்வது பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். வால் குட்டையானால் அது காதில் அவ்வளவாகப் படாது.

மேலே கேட்கும் ‘டக்’குக்கு டெக்னோ சாம்பிள் எதற்கு? ஆடியில் நம்ம ஊரில் பம்பைச் சத்தத்துக்கா பஞ்சம்? அடிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு செல்போனிலேயே பதியுங்கள். செல்போன் மைக் கனத்த கீழ்ச்சத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காது, இங்கே அது வசதிதான். குச்சி தோலில் படும் முதல் 15 மில்லிசெகண்டை மட்டும் எடுத்து, 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 808 தொடங்கும் இடத்தில் ஒட்டுங்கள். பிசிறு கேட்டால் முனையில் சத்தத்தை மெல்லக் குறைக்கும் சின்ன ஃபேட் போதும்.

சவுண்ட் செட் விஷயம்: குழாய் ஸ்பீக்கரில் போட்டிருந்தால் கிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை, அதில் 50 ஹெர்ட்ஸ் வரவே வராது. சப் பாக்ஸ் வைத்த செட்டில் போட்டுப் பாருங்கள்.

டெக்னோ கிக் இரண்டையும் இன்றே அழித்துவிடுங்கள். 909 வேண்டுமா என்பதை, பேஸ்லைனோடு சேர்த்துக் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.