முகாமில் 152 காட்டினால் உடனே மாத்திரையா?

கேள்வி: எனக்கு 46 வயது. மருந்துக்கடை வாசலில் நடந்த இலவச முகாமில் பிபி 152/94 என்றார்கள். அங்கேயே மாத்திரையும் கொடுத்தார்கள். வாங்கி வந்தேன், இன்னும் போடவில்லை. வீட்டில் பார்த்தால் 130/82 வருகிறது. எதை நம்புவது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரை அட்டையை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். மேல் எண் இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம், கீழ் எண் தளரும்போது உள்ளது. மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85. இவற்றில் ஏதாவது ஒரு எண் தொடர்ந்து எட்டினால்தான் ரத்தக்கொதிப்பு. ஒரே தடவை பார்த்து முத்திரை குத்தக் கூடாது.

வெயிலில் நடந்து வந்து, டீ குடித்த கையோடு, ரவிக்கைக் கைமேலேயே பட்டையைச் சுற்றினால் யாருக்கும் எண் ஏறும். அதைக் காட்டி அங்கேயே மருந்து விற்பவரின் கண் கல்லாமேல்தான். முகாமுக்குப் போனால் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அப்புறம், பட்டையின் அளவு. மேல்கை பருமனானவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடுதலாகவே காட்டும். தலைசுற்றல் என்று ஒரு அம்மா வந்தார். 2 வருடமாக பிபி மாத்திரை. சாதாரணப் பட்டையில் 130, பெரிய பட்டையில் 108! தையல் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே மேல்கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். உங்கள் பட்டையில் அச்சிட்ட சென்டிமீட்டருக்குள் வராவிட்டால் அது உங்களுக்கானது இல்லை. எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் பெரிய பட்டை கேட்டால் முழிக்கிறார்கள். ஸ்கேன் மெஷினுக்கு இருக்கும் பணம் இதற்கு இல்லையா?

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: ஒரு வாரம், காலையும் மாலையும் பாருங்கள். அதற்கு அரை மணி முன்பிருந்து காபி, டீ வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள்.

எப்போதாவது 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் இருந்தால் உடனே 108-க்கு அழையுங்கள்.

மற்றபடி அந்த நோட்டோடு ஒரு டாக்டரிடம் போங்கள். சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். நோட்டைப் புரட்டாமலே, நீங்கள் உட்காரும் முன்பே அளந்து சீட்டு எழுதினால் வேறு டாக்டரைப் பாருங்கள்.