முத்துப்பிள்ளை கர்ப்பம்: எச்.சி.ஜி. 340, அடுத்த வாரம் 352

முத்துப்பிள்ளையை (நஞ்சுத் திசு இயல்பில்லாமல் கொப்புளங்களாக வளரும் கர்ப்பம்) அகற்றிய பிறகு, எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோன் ஒரு வாரத்தில் 340-இலிருந்து 352 ஆகிவிட்டதே, இது புற்றுநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. வாராவாரம் எடுத்த மூன்று அளவுகள் தொடர்ந்து ஏறினாலோ, நான்கு அளவுகள் இறங்காமல் அப்படியே நின்றாலோதான் டாக்டர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

முதல் ரத்தம் பட்டர்வொர்த் கிளினிக்கில், அடுத்தது ஜார்ஜ் டவுனில் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது காரணமாக இருக்கலாம், லேப் மாறினால் இந்தச் சின்ன வித்தியாசம் சகஜம். இனி ஒரே லேபில் கொடுங்கள். என் தங்கை பிரிட்ஜ் கதவில் ஒட்டிய காலண்டரில் ஒவ்வொரு எண்ணையும் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தாள், டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

கருவே உருவாகாத முழு முத்துப்பிள்ளையில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு மேற்கொண்டு சிகிச்சை தேவைப்படும், கருவின் சில பகுதிகளும் இருக்கும் பாதி வகையில் மிகக் குறைவு. அப்படியே வந்தாலும் சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே பெரும்பாலும் முழுதாகக் குணமாகிறது, பயப்படாதீர்கள் சகோதரி.

அப்புறம், டாக்டர் சரி சொல்லும்வரை கர்ப்பம் வேண்டாம், புதுக் கர்ப்பத்திலும் எச்.சி.ஜி. ஏறுமே, எது எதனால் என்று தெரியாமல் போய்விடும். அதிக ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம் வந்தால் மட்டும் அடுத்த டெஸ்ட் வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.