பாஸ்போர்ட் படம்

வணக்கம் ஐயா,

மூன்று ஆண்டுகளாகக் கறுப்பு வெள்ளையில் மனித முகங்களை மட்டும் படம் எடுத்துவருகிறேன். இது என் தொழில் இல்லை, விடுமுறை நாள் ஆசை. ரிச்சர்ட் அவெடன் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எடுத்த உருவப்படங்களை ஒரு நூலகத்தில் தற்செயலாகப் புரட்டியதில்தான் எல்லாம் தொடங்கியது. கரி அப்பிய சுரங்கத் தொழிலாளிகள், நாடோடிகள், தோலுரித்த பாம்பை ஏந்தி நிற்கும் பதின்மூன்று வயதுச் சிறுவன். பின்னால் வெறும் வெள்ளை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் ஒரு பெரிய வெள்ளைத் துணி வாங்கினேன். வெளிச்சம் நன்றாக வேண்டும் என்று நண்பகலில் மொட்டை மாடியில் கட்டினேன். உறவினர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று இதுவரை நாற்பது பேரை எடுத்துவிட்டேன். யாரையும் சிரிக்கவிடவில்லை. அந்த நாற்பது படங்களையும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். என் நண்பன் அவற்றைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பாஸ்போர்ட் படம்" என்றான். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் பெரியப்பா தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "செத்தவன் மாதிரி இருக்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே" என்றார். எனக்கோ நாற்பதில் அது ஒன்றுதான் பிடித்திருந்தது.

ஒருவரைப் பார்த்து இப்படி நகல் எடுப்பது தவறா? என் படங்களில் ஏன் உயிர் இல்லை? பெரியப்பாவின் படத்தை நான் வெளியிடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதல் கேள்விக்கு ஒரே வரி: தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். நான் இளம் வயதில் யூசுப் கார்ஷைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். 1941 டிசம்பரில் ஒட்டாவாவில் சர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பிடுங்கி, அவர் முறைத்த கணத்தில் படம் எடுத்தாரே, அவர்தான். இருண்ட பின்புலம், பக்கவாட்டில் விழும் விளக்கு, கைக்குத் தனி வெளிச்சம் என்று அவரிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். விளைவு, கூச்ச சுபாவமுள்ள என் நண்பர்கள் அனைவரும் போர் அறிவிக்கப்போகும் பிரதமர்களைப் போலத் தெரிந்தார்கள். அந்தப் படங்கள் இன்னும் ஒரு பெட்டியில் கிடக்கின்றன. சிரிப்பு வேண்டும் என்றால் எடுத்துப் பார்ப்பேன்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். உங்கள் நண்பர் கேலியாகச் சொன்னது, அவர் அறியாமலே சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. அவெடன் தொழில் கற்றதே அந்த வகைப் படங்களை எடுத்துத்தான். 1942இல், பத்தொன்பது வயதில், அவர் அமெரிக்க வணிகக் கப்பல் பணியில் சேர்ந்தார். அங்கே கொடுத்த வேலை, மாலுமிகளின் அடையாள அட்டைக்குப் படம் எடுப்பது. ஒரு லட்சம் முகங்களையாவது எடுத்த பிறகுதான் தான் ஒரு புகைப்படக்காரனாக ஆகிக்கொண்டிருப்பதே தனக்கு உறைத்தது என்று பிற்காலத்தில் சொன்னார். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம், மனிதர் கதை சொல்வதில் வல்லவர். ஆனால் வெற்றுப் பின்புலம், நேர்ப் பார்வை, சிரிக்காத முகம் ஆகிய மூன்றும் அடையாள அட்டையில் இருப்பவைதான். நீங்கள் எடுத்துக்கொண்டதும் அந்த மூன்றைத்தான். அட்டைப் படத்துக்கும் அவருடைய படத்துக்கும் பொதுவாக இருப்பதை எடுத்துக்கொண்டு, வேறுபடுவதை விட்டுவிட்டீர்கள்.

வேறுபடுவதில் முதலாவது வெளிச்சம். நண்பகல் மொட்டை மாடி என்று படித்ததுமே என் கண் கூசியது. உச்சி வெயில் புருவத்துக்குக் கீழே இரண்டு குழிகளை வெட்டிவிடும், மூக்குக்கு அடியில் மீசை போல ஒரு நிழலை ஒட்டிவிடும். பெரியப்பா தன்னைச் செத்தவராகக் கண்டதில் பாதிப் பங்கு சூரியனுக்கு. அவெடன் தன் வெள்ளைத் தாளை ஏதாவது ஒரு கட்டடத்தின் நிழல் விழும் பக்கத்தில்தான் ஒட்டினார். வெயிலில் வைத்தால் வெளிச்சமும் நிழலும் சேர்ந்து, எங்கே பார்க்க வேண்டும் என்று பார்வையாளருக்குக் கட்டளையிடத் தொடங்கிவிடும், அது வேண்டாம் என்பது அவருடைய தரப்பு. ஒளி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியக் கூடாது. நிழலில் நின்ற முகத்தில் மூக்குக்கும் காதுக்கும் சட்டைப் பொத்தானுக்கும் ஒரே மரியாதை. எதைப் பார்ப்பது என்று நாமே தேடவேண்டியிருக்கிறது. அந்தப் படங்கள் நம்மை நகரவிடாமல் பிடித்துவைப்பதற்கு இந்தத் தேடல் ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, கேமராவின் கணக்கு. சட்டகம் நிறைய வெள்ளை இருந்தால் கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். துணி அழுக்காகும், முகம் இருளும். நீங்கள் பிறகு கணினியில் மொத்தப் படத்தையும் வெளுக்க வைத்திருக்கிறீர்கள், கழுத்தோரங்களில் அது தெரிகிறது. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை, முகத்துக்கு அளந்து வையுங்கள். துணி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் படங்களில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. நாற்பது பேரும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கிறார்கள். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை ஏற்றியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதில் சிவப்பின் பங்கு அதிகம். அதனால் சிவப்பை ஏற்றினால் தோல் வெளுக்கும், தழும்பும் புள்ளியும் சுருக்கமும் மங்கும். நீலத்தை ஏற்றினால் எதிர்மாறாகத் தோல் கருமை கொள்ளும், ஒவ்வொரு துளையும் எழுந்து நிற்கும். பழைய காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. உதடுகூடக் கறுப்பாக விழுந்த அந்தக் கால முகங்களின் கடுமை அங்கிருந்து வந்தது. ஆக, கறுப்பு வெள்ளையில் ஒருவருடைய நிறத்தை முடிவு செய்வது நீங்கள்தான். கறுத்த மனிதரை வெளுக்க வைப்பது அழகுபடுத்துவதாகத் தோன்றியிருக்கலாம். பொய்யான தோலை ஒட்டிவிட்டு அதே முகத்தில் உண்மையைத் தேடுகிறீர்கள். வெள்ளைப் பின்புலத்தின் முன் கறுத்த முகத்தைப் போல வலுவாக நிற்பது வேறு எதுவும் இல்லை. சுரங்கத் தொழிலாளிகளின் கரி படிந்த முகங்கள் உங்களைத் தூங்கவிடாமல் செய்தது எதனால் என்று யோசித்துப் பாருங்கள்.

இதெல்லாம் கைவினை, ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். தூரம்தான் கடினம்.

மேற்கு மாநிலப் படங்களை அவெடன் 8க்கு 10 அங்குலத் தாள் ஃபிலிம் போடும் பெரிய மரக் கேமராவில் எடுத்தார். அதன் பின்பக்கக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். ஃபிலிமைச் செருகிவிட்டால் அதுவும் தெரியாது. எனவே எடுக்கும் கணத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்று ஒரு பயனும் இல்லை. அவர் லென்ஸுக்குச் சில அங்குலம் இடப்பக்கம், எதிரில் நிற்பவருக்கு நான்கடி தூரத்தில் நின்றார். உதவியாளர்கள் ஃபிலிமை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இவர் எதிரிலிருப்பவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எந்தக் கருவியும் இல்லை. நான்கடி என்பது இரண்டு பேர் அந்தரங்கமாகப் பேசிக்கொள்ளும் தூரம். எதிரிலிருப்பவரின் மூச்சு கேட்கும். அவ்வளவு அருகில் அறிமுகமில்லாத ஒருவர் உங்களையே பார்த்தபடி நின்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் சிரிப்பீர்கள், பிறகு விறைப்பீர்கள். பிறகு கை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும், தோள் இறங்கும். அந்தக் கடைசி நிலைக்குத்தான் அவர் காத்திருந்தார்.

உங்கள் படங்களின் தோற்றத்தைப் பார்த்தால் ஜூம் லென்ஸை நீட்டிப் பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் நின்றிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கருவியில் புதைத்து, "சிரிக்காதீர்கள்" என்று அங்கிருந்து உரக்கச் சொல்லியிருப்பீர்கள். அட்டைப் படக்காரரும் அதைத்தான் சொல்கிறார். சிரிக்காமல் இருக்கச் சொன்னதும் மனிதர்கள் சிரிக்காத முகம் ஒன்றை நடித்துக் காட்டுகிறார்கள். உங்கள் நாற்பது படங்களில் குறைந்தது முப்பத்தைந்து இந்த நடிப்புதான். கேமராவை நிறுத்திவைக்கும் முக்காலி ஒன்றை வாங்குங்கள். நீளமான கம்பியோடு வரும் ஷட்டர் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதல் முறை உங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

கழிவைப் பற்றியும் ஒரு சொல். 1979 முதல் 1984 வரை, டெக்சாஸில் உள்ள ஆமன் கார்ட்டர் அருங்காட்சியகத்துக்காக அவெடன் அந்தப் பயணங்களை மேற்கொண்டார். 750க்கும் மேற்பட்டவர்கள் அவர்முன் நின்றார்கள். செலவான ஃபிலிம் ஏறத்தாழ 17,000 தாள்கள். 1985இல் காட்சிக்கு வந்தவை சுமார் 120 படங்கள். வைத்துக்கொண்ட ஒரு படத்துக்கு ஏறக்குறைய 140 தாள் என்று ஆகிறது. நீங்கள் நாற்பது பேரை எடுத்து நாற்பதையும் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

இனி பெரியப்பா. கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான்.

அவெடன் தன் இளமைக் காலக் குடும்ப ஆல்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. ஆனால் படம் எடுக்கும்போது யாரிடமாவது நாய் ஒன்றை இரவல் வாங்கிக் கூட நிறுத்திக்கொள்வார்கள். ஓராண்டுப் படங்களை எண்ணிப் பார்த்ததில் பதினொரு வெவ்வேறு நாய்கள் இருந்தனவாம். அடுத்தவர் கார், அடுத்தவர் வீடு ஆகியவற்றின் முன்னும் நின்றார்கள். அந்த ஆல்பம் முழுக்க அவர்கள் யார் என்பதைப் பற்றிய பொய், அவர்கள் யாராக இருக்க விரும்பினார்கள் என்பதைப் பற்றிய உண்மை என்பதுதான் அவர் கண்டது. அந்த இரவல் நாய்களை விரட்டிவிட்டு மனிதரை மட்டும் நிறுத்துவது என்று பிறகு கிளம்பியவர்தான் அந்த வெள்ளைத் தாளை விரித்தார் என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் அவரும் பொய் சொல்லாதவர் இல்லை. 1957இல் வின்ட்சர் கோமகனையும் (முடி துறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டு) அவர் மனைவியையும் எடுக்கப் போனபோது, இருவரும் பழகிப்போன பொதுமுகத்தைக் காட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். அவர்கள் நாய்ப் பிரியர்கள் என்பது இவருக்குத் தெரியும். வரும் வழியில் தன் டாக்ஸி ஒரு நாயின்மீது ஏறிவிட்டது என்று புளுகினார். இரண்டு முகங்களும் தொய்ந்த கணத்தில் படம் விழுந்தது. இது அவரே சொன்ன கதை. (அவெடன் விஷயத்தில் எங்கு திரும்பினாலும் ஒரு நாய் வருகிறது.) மேற்கு மாநிலப் படங்களிலும், வெற்றுடம்பில் தேனீக்கள் ஊர நிற்கும் மொட்டைத் தலை மனிதர் வழியில் அகப்பட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தேனீ வளர்ப்போர் இதழில் விளம்பரம் கொடுத்துத் தேடிப் பிடித்து, ராணித் தேனீயின் வாசனைப் பொருளைத் தோலில் தடவி நிறுத்திய காட்சி அது. உழைப்பாளிகளின் முகங்களைத் தன் இருண்ட பார்வைக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்று அன்றே அவரைச் சாடியவர்கள் உண்டு. அந்தச் சாடலை நான் முழுதாக ஏற்கவில்லை, முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. படம் ஆகிவிட்ட முகம் எடுத்தவரின் கருத்துதான் என்று அவரே ஒப்புக்கொண்டார், அந்த நேர்மை பிடிக்கும். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்டால் மட்டும் நின்றவரின் மனம் ஆறிவிடுமா என்ன?

அவர் தன் தந்தையையும் எடுத்தார். 1969 முதல் 1973 வரை, நோயில் அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்குவதைத் தொடர்ந்து எடுத்து, தந்தை இறந்த பிறகு 1974இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார். கடைசிப் படங்களை என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை. அவற்றை எடுத்தது எனக்குச் சரியாகப் படுகிறது. சுவரில் மாட்டியதைப் பற்றி ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி நினைக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. பெரியப்பா உயிரோடு இருக்கிறார், வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லிவிட்டார். வெளியிடாதீர்கள். எனக்கு அனுப்பியிருக்கவும் கூடாது. அந்தக் கோப்பை நான் அழித்துவிட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், அது ஒன்றுதான் உங்களுக்குப் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் இருக்கிறது. மற்றவர்கள் துணியின் முன் நின்றார்கள், அவர் மட்டும் உங்களைப் பார்த்து நின்றார். நீங்கள் பன்னிரண்டு அடிக்கு அப்பால் இருந்தும்.

காலையோ மாலையோ, வெயில் விழாத பக்கத்துச் சுவரில் துணியைக் கட்டிவிட்டு அவரை மறுபடி கூப்பிடுங்கள். எந்தச் சட்டை போட்டுக்கொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும் என்றால் நிற்கட்டும். நாய் வேண்டும் என்றாலும் ஒன்றை இரவல் வாங்கி வாருங்கள், முதல் பத்துப் படம் அதோடு போகட்டும். நாய்க்குச் சலித்து அது எழுந்து போகும்போது நீங்கள் கேமராவுக்குப் பக்கத்தில், அவருக்கு நான்கடியில் நின்றுகொண்டிருங்கள்.

அன்புடன்.